அமெரிக்கன் மிஷனும் ஆங்கிலமும்: ஒரு வாசகியின் மறுப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் யாழ்ப்பாணத்து அமெரிக்கன் மிஷன் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். ஆங்கிலத்தைத் தூண்டிலாகப் போட்டுச் சனங்களைக் கிறிஸ்தவத்துக்குப் பிடித்தார்கள், அவ்வளவுதான் என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். நான் சைவக் குடும்பத்தில் பிறந்து உடுவில் மகளிர் கல்லூரியில் படித்தவள். மிஷனுக்கு வக்காலத்து வாங்கவேண்டிய தேவை எனக்கு இல்லை. ஆனால் அந்த மனிதர்கள் இங்கே விடிந்ததிலிருந்து படுக்கும்வரை என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதைக் கொஞ்சமும் பார்க்காமல் எழுதியது சரியில்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

1816இல் வந்தவர்களுக்குத் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் கிடைத்தவை கூரை போன பழைய ஒல்லாந்தர் காலத்துக் கிறிஸ்தவக் கோயில்களும் அவற்றோடு சேர்ந்த வீடுகளும். அவர்கள் முதலில் உட்கார்ந்தது தமிழ் படிக்க. உள்ளூர் ஆசிரியர் ஒருவரை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி, பிழைவிட்டு, திரும்பச் சொல்லி, அப்புறம்தான் ஊருக்குள் போய்ப் பேசினார்கள். ஊர்ப் பள்ளிகளில் சின்னப் பிள்ளைகளுக்கு வேதப் புத்தகத்தையும் தமிழில்தான் படிப்பித்தார்கள். ஆங்கிலம் இருந்தது விடுதிப் பாடசாலையிலும், 1823இல் தொடங்கிய உயர்படிப்புக் கூடமான வட்டுக்கோட்டை செமினரியிலும். அங்கேயும் ஆங்கிலத்தோடு தமிழ் இலக்கணம், கணக்கு, வானசாஸ்திரம் எல்லாம் நடந்தன. 1829இல் வந்த சந்திர கிரகணத்தை முன்வைத்து டானியேல் பூவர் பாதிரியாருக்கும் வட்டுக்கோட்டைப் பஞ்சாங்கக்காரருக்கும் நடந்த கணக்குப் போட்டி ஊருக்கே தெரிந்த விஷயம். பைபிளை மட்டும் திணிக்க வந்தவர்கள் இவ்வளவு மினக்கெடுவார்களா?

விடுதி நடத்துவதே பெரிய பாடு. கிறிஸ்தவ வளவுக்குள் சமைத்ததைச் சாப்பிட மாட்டோம் என்று வேளாளர் வீட்டுப் பிள்ளைகள் நின்றார்கள். சரி என்று மிஷன் வளவுக்கு வெளியே, பக்கத்துச் சைவர் ஒருவரின் காணியில் குசினி போட்டுச் சமைத்தார்கள். காலையில் ஜெபம், பிறகு வகுப்பு, சாப்பாட்டு நேரத்துக்குப் பிள்ளைகள் வேலி தாண்டிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி பாடம். பாதிரிமார் இதற்கு மனதாரச் சம்மதித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் இறங்கிவந்தார்கள், பிள்ளைகளும் படித்தார்கள். யார் யாரை வளைத்தது என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாத வாழ்க்கை அது.

இதற்கு மேல் ஆள் பற்றாக்குறை. 1820இல் அச்சு வேலைக்கு வந்த அமெரிக்கரைத் திருப்பி அனுப்பிவிட்டு, இனிப் புதிதாக அமெரிக்கப் பாதிரிமார் யாரும் வரக்கூடாது என்று ஆங்கில அரசு தடுத்தது. 1833 வரை அந்தத் தடை இருந்தது. இருந்த சிலரே பள்ளி, கோயில், மருந்து, கணக்கு எல்லாவற்றையும் இழுத்தார்கள். மிஷனின் தலைமையகம் இருந்த பொஸ்டனுக்கு ஒரு கடிதம் போய்ப் பதில் வந்து சேரக் கிட்டத்தட்ட ஒரு வருடம் எடுக்கும்.

பெண்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கிய ஹரியட் வின்ஸ்லோ, தன் பிள்ளைகளையும் பார்த்து, விடுதிப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் தையலும் சொல்லிக்கொடுத்து, 1833இல் 36 வயதில் இங்கேயே இறந்துபோனார். 1840இல் வந்த எலைசா அக்னியூ கல்யாணம் கட்டாதவர். 1879 வரை அந்தப் பள்ளியை நடத்தினார், ஒருமுறைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை, 1883இல் மானிப்பாயில் கண்மூடினார். லீவு விட்டால் படித்துப் போன பிள்ளைகளின் வீடுகளைத் தேடிப் போவாராம். அம்மாவும் மகளும் பேத்தியும் என்று தலைமுறையாக அவரிடம் படித்த குடும்பங்கள் இங்கே உண்டு. பெண்பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று கேட்ட ஊரில் இது சின்ன வேலையா?

இனித் தூண்டில் கதைக்கு வருகிறேன். 1855இல் அமெரிக்காவிலிருந்து மிஷன் தலைமையகச் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் முதலானோர் வந்து பார்த்துவிட்டு, படித்த பையன்கள் ஊழியத்துக்கு வராமல் ஆங்கிலத்தை வைத்து அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள், தாய்மொழியிலேயே படிப்பிப்போம் என்று சொன்னதில் செமினரியே மூடப்பட்டது. ஆங்கிலம் தூண்டில் என்றால் அதைத் தாங்களே ஏன் முறித்துப் போட வேண்டும்? அதை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் நம்மவர்கள். பழைய மாணவர்களே வட்டுக்கோட்டையில் ஆங்கிலப் பள்ளியை நடத்தினார்கள், கல்லூரி வேண்டும் என்று விடாமல் கேட்டார்கள், 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி திறந்தது. மானிப்பாயில் மிஷன் மருத்துவர் டாக்டர் கிறீன் 1864 முதல் மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தார், உடற்கூறும் இரசாயனமும் தமிழில் புத்தகமாக வந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதன்முதல் பட்டம் பெற்ற இருவர், கரோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும், வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்தான். தாமோதரம்பிள்ளை சைவராக வாழ்ந்து சங்கத் தமிழை அச்சேற்றியதை நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் காசு கொடுத்தவரின் பெயரை இங்கே பிள்ளைக்கு வைத்தார்கள், அப்பா அம்மா வைத்த பெயர் பின்னுக்குப் போனது. உடுவிலில் படிப்பை முடித்துக் கிறிஸ்தவரைக் கட்டும் பெண்ணுக்குச் சிறு சீதனமும் மிஷன் கொடுத்தது. ஜெபத்துக்கும் வேதபாடத்துக்கும் விடுதிப் பிள்ளைகள் கட்டாயம் போகவேண்டும். இதையெல்லாம் எதிர்த்துத்தான் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார், அதுவும் இன்னொரு மிஷனான வெஸ்லியன் மிஷனின் பள்ளியில் படித்து, அங்கேயே படிப்பித்து, பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் இருந்த பிறகு. அவர் செய்தது நியாயம். கட்டுரையாளர் இதை எழுதியிருந்தால் நான் தலையாட்டியிருப்பேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். 1841இல் வந்த மிஷனின் உதயதாரகைப் பத்திரிகையின் முதல் ஆசிரியர்கள் இருவர், பெயர் ஹென்றி மார்ட்டின், செத் பேசன் என்று இருந்தாலும் இந்த ஊர்த் தமிழர்கள். பாதிரிமாருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள், ஊர்ப் பள்ளிகளில் சட்டம்பியாராக, அதாவது வாத்தியாராக இருந்தவர்கள், உடுவிலில் படித்துவிட்டு அங்கேயே ஆசிரியையான பெண்கள், இவர்களைப் பற்றி அடுத்தடுத்த ஞாயிறுகளில் ஒரு தொடர் போடுங்கள். வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் விசாரித்தால் பழைய படங்களும் கடிதங்களும் வைத்திருக்கும் குடும்பங்கள் கிடைக்கும், எனக்குத் தெரிந்த வீடுகளுக்கு உங்கள் நிருபரை நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
உடுவில் பழைய மாணவி ஒருத்தி,
சுன்னாகம்