ராமேஸ்வரத்தை நடந்தும் பார்க்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமேஸ்வரம் தீவை ஒரே நாளில் வேனில் சுற்றிப் பார்ப்பது பற்றி உங்கள் பயணப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். விடிகாலையில் தீர்த்தமாடல், அப்புறம் கலாம் நினைவிடம், மதியம் தீவின் கிழக்குக் கோடியான அரிச்சல்முனை, இரவு ஊருக்கு ரயில். கணக்கு சரிதான். ஆனால் அந்தத் தீவில் நடக்கவும் செய்யலாம் என்று ஒரு வரிகூட இல்லையே என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் பாளையங்கோட்டைக்காரர்கள். வ.உ.சி. மைதானத்தில் காலை நடை போகிற கூட்டம். பாதிப் பேர் ஓய்வுபெற்ற வாத்தியார்கள். "சுத்தினது போதும்வே, எங்கயாவது நேரா நடப்போம்" என்று ஒருவர் கிளப்பிவிட, பொங்கல் கழிந்ததும் புறப்பட்டுவிட்டோம். பஸ்ஸில் மண்டபம் வரை போய், பாம்பன் பாலத்திலிருந்து நடை. பாலத்தின் மேற்கு முனையிலிருந்து அரிச்சல்முனை வரை முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம்தான். அதை அவசரமில்லாமல், இடையிடையே தங்கி நடந்தோம்.

1988-ல் திறந்த சாலைப் பாலத்தில் வண்டிகள் நின்று படம் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகின்றன. நடந்து போனால் காற்றும் கீழே கடலின் நிறம் மாறுவதும் நமக்கு. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து எழுந்து கப்பலுக்கு வழி விட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் அது பிளக்காமல் முழுசாகச் செங்குத்தாக உயர்கிறது. எங்களோடு வந்த இயற்பியல் வாத்தியார் இதை விளக்க ஆரம்பித்தவர், பாலம் முடிகிற வரை நிறுத்தவில்லை.

தங்கச்சிமடத்தை உங்கள் கட்டுரை தொடவே இல்லை. நெல்லைப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ராமநாதபுரம் மல்லிகை நாற்று என்றால் தெரியும். அந்த நாற்றுகள் இங்கேதான் மணலில் வரிசையாக நிற்கின்றன. பக்கத்திலேயே வில்லூண்டி தீர்த்தம்: கடலுக்குள் கிணறு, கிணற்றில் நல்ல தண்ணீர். கோயிலைப் பற்றி நீங்களே நிறைய எழுதிவிட்டீர்கள், விட்டுவிடுகிறேன்.

நடப்பவர்களுக்கு உண்மையான விருந்து, தனுஷ்கோடி போகிற வழியில் இருக்கும் முகுந்தராயர் சத்திரத்துக்குக் கிழக்கேதான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே தார்ச்சாலை கிடையாது. மணலில் நடக்க வேண்டும், இல்லையென்றால் குலுங்கிக்கொண்டே போகும் வேன். 2017 ஜூலையில்தான் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரைக் கிலோமீட்டருக்குச் சாலை வந்தது. காரில் கால் மணி நேரம். நாங்கள் ஒரு காலைப் பொழுதையே அதற்குக் கொடுத்தோம். இடப்பக்கம் குளம்போல அலையடங்கிய பெண்கடல், வலப்பக்கம் இரைகிற ஆண்கடல். சில இடங்களில் சாலையை விட்டு இறங்கி நீரோரமாக நடந்தோம். திசையன்விளைக்காரர் ஒருவர், தேரி என்கிற செம்மணல் மேட்டில் வளர்ந்தவர், ஈரமணல்தான் கெட்டி என்று முன்னால் போய்க்கொண்டே இருந்தார். அவரைப் பிடிக்கவே முடியவில்லை. வடபக்கத்து ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. வேனில் போகிறவர்களுக்கு அவை வெள்ளைக் கோடாகத் தெரிந்தால் அதிகம்.

பழைய மாதா கோவிலின் சுவர்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். அதைத் தாண்டி மீனவக் குடிசைகள் பக்கம் போனால், பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி அகப்பையால் தண்ணீர் மொள்வதைப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் கடல், நடுவில் நல்ல தண்ணீர். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் கரித்துவிடும். எங்களுக்கும் ஒரு சொம்பு கொடுத்தார்கள். இனிப்பாகவே இருந்தது. (தாமிரபரணித் தண்ணீர் குடித்தவன் இப்படிச் சொன்னால் நம்பலாம்.)

ரயில் நிலையத்தின் இடிபாடுகளைப் பார்க்கும்போது நம் ஊர்க் கதையும் ஒன்று ஞாபகம் வந்தது. பாம்பன் பாலம் கட்டுவதற்கு முன்னால் சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்களின் போட் மெயில் ரயில் தூத்துக்குடிக்குத்தான் வந்துகொண்டிருந்தது, அங்கிருந்து கப்பல். 1914-க்குப் பிறகு அந்தப் போக்குவரத்து தனுஷ்கோடிக்கு மாறியது.

இனி என் குறை. அந்தச் சாலையில் நடப்பவனை யாரும் எதிர்பார்க்கவே இல்லை. நிழல் கிடையாது, உட்கார இடம் கிடையாது, குடிதண்ணீருக்குக் கடைகளை நம்ப வேண்டியதுதான். நின்று நின்று கேட்கிறார்கள்: "வண்டி ரிப்பேரா?" ஒரு வேன்காரர் காசு வேண்டாம், ஏறிக்கொள்ளுங்கள் என்றே சொல்லிவிட்டார். நல்ல மனசு. ஆனால் தைப்பூசத்துக்குத் திருச்செந்தூருக்குப் பச்சை வேட்டி கட்டிக்கொண்டு நடந்தால் நம் பக்கம் யாராவது அப்படிக் கேட்பார்களா? வழியெல்லாம் பந்தல், மோர், பானகம், சாப்பாடு. வேண்டுதலுக்கு நடந்தால் மரியாதை, ஆசைக்கு நடந்தால் பரிதாபம்!

ராமேஸ்வரமே நடந்து வந்தவர்களால் பேர் பெற்ற ஊர். காசியிலிருந்து நடந்து வந்தவர்களுக்காகத்தான் சேதுக்கரை நெடுக சத்திரங்கள் இருந்தன. முகுந்தராயர் சத்திரம் என்ற பெயரே அதற்குச் சாட்சி. நம் பக்கத்திலும் ராணி மங்கம்மாள் சாலையை இன்னும் சொல்கிறோமே, அதுவும் நடப்பவர்களை நினைத்துப் போட்டதுதான். ஒன்பதரைக் கிலோமீட்டரில் இரண்டு மூன்று இடங்களில் நிழல் இருந்தால் போதும். கட்டடம் கேட்கவில்லை, அது மணல் திட்டு, பூநாரைகளுக்காக 2025-ல் சரணாலயமாக அறிவித்த பகுதி, அங்கே கான்கிரீட் போடவே கூடாது. நாலு கம்பு நட்டு மேலே பனையோலை வேய்ந்து, பக்கத்தில் ஒரு மண்பானை. காற்றில் பறந்தால் மறுபடி வேயலாம். அங்குள்ள மீனவர்களுக்கே அந்த வேலையைக் கொடுத்தால் அவர்களுக்கும் ஒரு வருமானம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பயணப் பக்கத்தில் வேன் வாடகை போடுகிறீர்கள். நடப்பவர்களுக்கும் நாலு வரி போடுங்கள். தை, மாசிதான் நல்ல மாதங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். வெயில் ஏறுவதற்கு முன் கிளம்ப வேண்டும், மாலையில் போலீஸார் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். முனையில் நீரோட்டம் மோசம், குளிக்க இறங்கக் கூடாது. வாழை இலையில் மடித்த மிளகாய்ப்பொடி இட்லி மதியம் வரை தாங்கும். திரும்புவதற்கு அரசுப் பேருந்து இருக்கிறது.

உங்கள் கட்டுரையாளர் அடுத்த தடவை போனால் முகுந்தராயர் சத்திரத்தில் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொள்ளட்டும். டிரைவர் அரிச்சல்முனையில் காத்திருப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.