எத்தனை மெஷ் சைஸில் ஓட்டினார்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினி சிமுலேஷன் பற்றி நீங்கள் போட்ட கட்டுரையைப் படித்தேன். கணக்குப் போடப் பொருளைக் கூறுபோடும் துண்டான எலிமெண்டைச் சின்னதாக்கினால் விடை துல்லியமாகிவிடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் எழுதியவர். பாதிதான் சரி. மீதிப் பாதியில்தான் எங்கள் பிழைப்பே ஓடுகிறது.

பட்டனை அழுத்தினால் சாஃப்ட்வேரே பொருளின் மொத்த அளவைப் பார்த்து ஒரு சைஸ் வைத்து மெஷ், அதாவது அந்த எலிமெண்டுகளின் வலை, போட்டுவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதையே நம்பினேன். 2 மி.மீ. ஆரமுள்ள ஒரு ஃபில்லட்டின் (மூலையை மழுக்கும் வளைவின்) மேல் 8 மி.மீ. எலிமெண்ட் உட்கார்ந்திருந்தது, வளைவையே காணோம், வெறும் சாய்வு வெட்டு, ஆனால் கலர் படம் மட்டும் அத்தனை அழகு! சீனியர் வந்து, "அந்த மூலையை ஸூம் பண்ணு" என்றார். அவ்வளவுதான், மானம் போயிற்று.

சரி, எல்லா இடத்தையும் பொடியாக்கிவிடலாமே என்றால், முப்பரிமாணத்தில் சைஸைப் பாதியாக்கினால் எலிமெண்ட் எண்ணிக்கை 8 மடங்காகும். மோதலுக்குப் போடும், நேரத்தைச் சின்னச் சின்னப் படிகளாக நகர்த்தும் எக்ஸ்ப்ளிசிட் கணக்கில் இன்னும் மோசம், அங்கே நேரப்படியைத் தீர்மானிப்பது இருப்பதிலேயே சின்ன எலிமெண்ட், அதனால் அதுவும் பாதியாகி வேலை 16 மடங்காகிறது. எங்கோ ஓர் ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும் ஒரே ஒரு எலிமெண்ட் போதும், ராத்திரி முடிய வேண்டிய ரன் நாள்கணக்கில் இழுக்கும். எனவே தேவையான இடத்துக்கு மட்டும் லோக்கல் சைஸ் கொடுத்துவிட்டு, அங்கிருந்து ஒவ்வொரு வரிசையிலும் எலிமெண்ட் சைஸை 1.2 மடங்குபோல மெல்லப் பெருக விடுவோம்.

இன்னொரு வில்லங்கம், ஃபில்லட்டே இல்லாத கூரான உள்மூலை. அங்கே பொடியாக்கப் பொடியாக்க ஸ்ட்ரெஸ் (பொருளுக்குள் ஒரு பரப்பளவில் விழும் விசை) ஏறிக்கொண்டே போகும், எங்கும் நிற்காது. அந்த எண்ணை ரிப்போர்ட்டில் போட்டு ஆளைப் பயமுறுத்துகிறவர்களும் உண்டு.

நடுவில் வட்டத் துளையுள்ள அகலமான தகட்டை இழுத்தால் துளை ஓரத்தில் ஸ்ட்ரெஸ் 3 மடங்கு என்று ஜெர்மன் பொறியாளர் கிர்ஷ் 1898இலேயே காட்டிவிட்டார். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான். துளை அறுகோணமாகத் தெரிகிற மெஷ்ஷில் 3 வராது. ஓரத்தில் சைஸைக் குறைத்துக்கொண்டே வந்தால் 3ஐ ஒட்டி வந்து நின்றுவிடும். அப்படி நிற்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

பார்க்காமல் விட்டதற்கு விலையும் உண்டு. 1991 ஆகஸ்டில் நார்வேயில் ஸ்லைப்னர் ஏ எண்ணெய், எரிவாயு மேடையின் கான்கிரீட் அடித்தளம் மூழ்கியது. அறைச் சுவர்கள் சேரும் இடத்தில் மெஷ் சரியில்லாமல், ஷியர் ஸ்ட்ரெஸ் (வெட்டுவதுபோல் வரும் ஸ்ட்ரெஸ்) 47 சதவீதம் குறைவாக வந்திருந்தது. பிற்பாடு கவனமாகப் போட்ட கணக்கு 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. நிஜத்தில் உடைந்தது 65 மீட்டரில்.

அடுத்த முறை சிமுலேஷன் படம் போடும்போது, எத்தனை மெஷ் சைஸில் ஓட்டிப் பார்த்தார்கள் என்று கேட்டு ஒரு வரி சேர்த்துப் போடுங்களேன்.

இப்படிக்கு,
மெஷ் போட்டே காலம் தள்ளும் ஒரு வாசகர்