மொகோட்லோங்கிலிருந்து மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

போன வாரம் ஃபோனில், டிசம்பர் லீவுக்கு ஆபீஸ் தோழிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வரப்போவதாகச் சொன்னாய். எனக்கும் அப்பாவுக்கும் ரொம்ப சந்தோஷம். ஆனால் அதோடு சேர்த்து, “அங்கே ஒண்ணுமே கிடையாது, வெறும் மலைதான்னு அவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வச்சிட்டேன்மா” என்றாயே, அதை அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை. உன்மேல் கோபம் இல்லை. நீ புளூம்ஃபான்டைன் விடுதியில் தங்கிப் படித்தவள், லீவுக்கு வந்தாலும் குளிருக்குப் பயந்து ஹீட்டர் பக்கத்திலேயே இருப்பாய், படிப்பு முடிந்ததும் நேரே ஜோஹானஸ்பர்க் வேலைக்குப் போய்விட்டாய். தென்னாப்பிரிக்காவுக்கு நடுவே இருக்கிற இந்த லெசோத்தோ நாட்டில், நாங்கள் வாழ்கிற இந்த மொகோட்லோங் மாவட்டத்தை நீ சரியாகப் பார்த்ததே இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுமையாகப் படி.

உன் ஃபிளாட்டின் குழாயிலிருந்தே தொடங்குகிறேன். ஜோஹானஸ்பர்க்குக்குத் தண்ணீர் வால் (Vaal) அணையிலிருந்து வருகிறது என்று உனக்குத் தெரியும். அந்த வால் அணைக்கு லெசோத்தோ மலைத் தண்ணீர் வந்து சேர்கிறது என்பது தெரியுமா? பக்கத்து மாவட்டத்தில் 185 மீட்டர் உயரத்துக்குக் காட்சே அணை நிற்கிறது. அங்கிருந்து 45 கிலோமீட்டர் சுரங்கம் வழியாகத் தண்ணீர் முயேலா நீர்மின் நிலையத்துக்கு வந்து, அங்கே மின்சாரம் எடுத்துக் கொடுத்துவிட்டு, எல்லையைத் தாண்டி ஒரு சின்ன ஆற்றில் விழுந்து வால் அணைக்குப் போகிறது. 1986இல் ஒப்பந்தம், 1998இல் முதல் தண்ணீர். 2024 அக்டோபரிலிருந்து ஆறு மாதம் அந்தச் சுரங்கத்தைப் பராமரிப்புக்காக மூடி வைத்திருந்தார்கள். இப்போது அடுத்த அணை நம்ம மாவட்டத்திலேயே எழும்புகிறது. பொலிஹாலி என்ற இடத்தில், செங்கு ஆறும் குபேலு ஆறும் சேருமிடத்துக்குக் கொஞ்சம் கீழே. அங்கிருந்து காட்சேவுக்கு 38 கிலோமீட்டர் புதுச் சுரங்கம். 2023 மே மாதம் இங்கத்திய அரசரும் தென்னாப்பிரிக்க ஜனாதிபதியும் வந்து அணை வேலையைத் தொடங்கி வைத்தார்கள்.

செங்கு என்று நாங்கள் சொல்வது நீ புவியியலில் படித்த அதே ஆரஞ்சு நதிதான். அது பிறப்பது இந்த மாவட்டத்து மலைகளில். இங்கே ஈரப் புல்தரையில் கசிந்து, குதிரை குளம்பு நனையாமல் தாண்டக்கூடிய ஓடையாக ஆரம்பித்து, ஆப்பிரிக்காவின் தென்பகுதியைக் குறுக்கே கடந்து நமீபியா எல்லையில் அட்லாண்டிக் கடலில் போய்ச் சேர்கிறது.

லெசோத்தோவில் பயிர் செய்யக்கூடிய நிலமே பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம், மலை மாவட்டங்களில் அதுவும் கிடையாது. இருக்கிற கொஞ்சம் நல்ல மண் ஆற்றோரத்தில்தான். அணை நிரம்பினால் முதலில் முழுகப் போவது அதுதான். என்னிடம் கணக்குப் படிக்கிற ஒரு பெண்ணின் பாட்டி, வயல் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், என் புருஷன் சமாதியை எடுத்து எங்கே வைப்பார்கள், அந்த இடத்தில் எனக்கும் இடம் இருக்குமா என்று கேட்டார். அதிகாரிகள் கூட்டம் போட்டு நஷ்ட ஈட்டுக் கணக்கைப் படித்துக் காட்டுகிறார்கள், ஆனால் அந்தக் கேள்விக்கு அவருக்குத் தெளிவான பதில் கிடைத்ததாகத் தெரியவில்லை. அவர் இன்னமும் வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு ஊற்றுக்குப் போய்த்தான் தண்ணீர் எடுக்கிறார். இந்தத் தண்ணீருக்குத் தென்னாப்பிரிக்கா தருகிற காசில் ஒரு பங்காவது முதலில் இந்த ஊர்களுக்குக் குழாய் போடச் செலவாக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் பள்ளிக்கூடத்திலும் நான் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன் தோழிகளுக்கு இடத்தைப் பற்றிச் சொல்வதென்றால் இப்படிச் சொல். லெசோத்தோவில் ஆக மிகத் தாழ்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டர். மொகோட்லோங் ஊர் கிட்டத்தட்ட ஊட்டி உயரம். ஆனால் ஊட்டி மாதிரி மரங்களை எதிர்பார்த்து வரவேண்டாம், இங்கே புல்தான், கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்லும் கரும்பாறையும். ஆற்றோரத்தில் மட்டும் வில்லோ மரங்கள். கிழக்கே தபானா என்ட்லென்யானா சிகரம், 3,482 மீட்டர், ஆப்பிரிக்காவில் கிளிமஞ்சாரோவுக்குத் தெற்கே இதைவிட உயரம் கிடையாது. அதற்கு அந்தப் பக்கம் டிராக்கன்ஸ்பர்க் செங்குத்தாக இறங்கினால் நேட்டால். 1860இல் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறி வந்த நம்ம ஜனங்களின் வாரிசுகள் வாழ்கிற தென்னாப்பிரிக்கப் பகுதி. தைப்பூசத்துக்கு நாம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் முருகன் கோயிலுக்குப் போனோமே, அந்தப் பக்கம்தான். அங்கிருந்து மேலே ஏற சானி கணவாய் ஒன்றுதான் வண்டிப் பாதை. 1948 வரை அதில் வண்டியே ஏறியதில்லை. மாவும் சர்க்கரையும் கோவேறு கழுதை மேல் ஏறி வந்தன, கம்பளி மூட்டைகள் அதே கழுதைகள் மேல் இறங்கிப் போயின.

மரம் இல்லாததால் அடுப்புக்கு என்ன செய்வார்கள் என்று நீ யோசித்திருக்கிறாயா? குளிர்காலம் முழுக்க ஆட்டுப் பட்டியில் சாணமும் புழுக்கையும் மிதிபட்டு மிதிபட்டு இறுகிப்போய்க் கிடக்கும். பனிக்காலம் முடிந்ததும் பெண்கள் மண்வெட்டியால் அதைப் பாளம் பாளமாக வெட்டிக் காயவைத்துச் சுவர் மாதிரி அடுக்குகிறார்கள். அதுதான் வறட்டி, அதுதான் வருஷம் முழுக்க எரிபொருள். குளிர் எப்படி என்று கேட்டால், மேலே வைரச் சுரங்கம் இருக்கிற லெட்செங் பக்கத்தில் 1967இல் மைனஸ் 20.4 டிகிரி பதிவாகியிருக்கிறது. அந்தச் சுரங்கம் கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் மீட்டருக்கு மேலே. 2018இல் அங்கே 910 காரட் வைரம் கிடைத்து உலகமே பேசியது, பெல்ஜியத்தில் ஏலம் போனது.

தண்ணீர், வைரம், கம்பளி, எல்லாம் இந்த மலையை விட்டுக் கீழே போகிறது. ஆட்களும் போனார்கள். 1990ஐ ஒட்டிய வருஷங்களில் லெசோத்தோவிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் இருந்தார்கள். நீ வேலை செய்கிற அந்த நகரம் தங்கத்தின் மேல் எழும்பியது, அந்தத் தங்கத்தைத் தோண்டியவர்களில் இந்த ஊர்க் கிழவர்களும் உண்டு. அப்புறம் சுரங்கங்கள் ஆட்களைக் குறைத்தபோது அவர்கள் ஒரு பெட்டியும் இருமலுமாகத் திரும்பி வந்தார்கள். நம்ம தெருவில் கடைசி வீட்டு ந்தாத்தேவை (ஐயா என்று இங்கே பெரியவர்களை அழைப்பது அப்படித்தானே) உனக்கு ஞாபகம் இருக்கும், உனக்குக் குதிரை ஏறக் கற்றுக்கொடுக்க வந்தவர். அவர் இப்போது கிணற்றடிக்கு நடப்பதற்குள் இரண்டு தடவை உட்காருகிறார். நுரையீரலில் கல் தூசு. 2019இல் ஜோஹானஸ்பர்க் உயர் நீதிமன்றம் இந்தத் தொழிலாளர்களுக்கான நஷ்ட ஈட்டு உடன்பாட்டை ஏற்றுக்கொண்டது. அவருடைய பழைய வேலைச் சான்றிதழ்களை எல்லாம் அப்பாதான் ஒரு ஃபைலில் போட்டு, படிவம் நிரப்பிக் கொடுத்து, கூடவே அலைந்துகொண்டிருக்கிறார். நீ வரும்போது அவரைப் போய்ப் பார். ஜோஹானஸ்பர்க்கில் எந்தத் தெரு என்று கேட்பார், விவரமாகச் சொல். அவருக்கு அந்த ஊரின் அடிப்பக்கம்தான் தெரியும்.

ஆண்கள் போன காலத்தில் வீட்டைத் தாங்கியவர்கள் பெண்கள், மந்தையைத் தாங்கியவர்கள் சின்னப் பையன்கள். இது இன்னும் மாறவில்லை. என் வகுப்பில் எண்ணிப் பார்த்தால் எப்போதும் பெண் பிள்ளைகள்தான் அதிகம். நம்ம ஊர்ப் பக்கம் பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்திய கதைகளையே கேட்டு வளர்ந்த எனக்கு இது முதலில் புரியவே இல்லை. இங்கே நிறுத்தப்படுவது பையன். ஏழெட்டு வயதிலேயே ஆட்டோடு மேலே போய்விடுகிறான். கோடையில் கால்நடைகள் உயரத்து மேய்ச்சலுக்குப் போகும், எந்தச் சரிவை எப்போது திறப்பது, எதை மூடி வைப்பது என்று ஊர்த் தலைவர் சொல்வார். மேய்ப்பர்கள் அங்கே கல்லடுக்கிக் கூரை வேய்ந்த குடிசையில் மாதக்கணக்கில் இருப்பார்கள். சோள மாவு தீர்ந்தால் ஒருத்தன் இறங்கி வந்து வாங்கிப் போவான். தொடக்கப் பள்ளியை 2000இலிருந்து வகுப்பு வகுப்பாக இலவசமாக்கினார்கள், 2010இல் கட்டாயமாக்கிச் சட்டமும் வந்தது. ஆனாலும் மேய்ப்பவனுக்கு மணியடிக்கிற நேரம் ஒத்துவராது. இருட்டினபிறகு அவர்களுக்கு வகுப்பு எடுக்கிற இடங்கள் சில இருக்கின்றன, அதைத்தான் நான் பெரிசாக நம்புகிறேன். ஆட்டு எண்ணிக்கையைத் தலையிலேயே வைத்திருக்கிற பையனுக்குக் கழித்தல் சொல்லிக் கொடுப்பது ரொம்ப சுலபம் கண்ணு, மேலே நூறு போனது, கீழே தொண்ணூற்றேழு வந்தது என்றால் அவன் கண்ணிலேயே பதில் தெரியும்.

அவர்களில் ஒருவன் லெசிபா வாசிப்பான். ஒரு குச்சி, அதில் இழுத்துக் கட்டிய நரம்பு, நரம்பின் முனையில் தட்டையாக்கிய பறவை இறகின் தண்டு. அந்த இறகுத்தண்டை உதட்டருகே வைத்து மூச்சை உள்ளே இழுத்தும் வெளியே விட்டும் வாசிக்கிறான். இசை என்று முதலில் தோன்றாது, கரகரவென்று, தொண்டையும் காற்றும் சேர்ந்த ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கேட்டால் மேய்கிற மாடுகள் அதற்குத் தலையைத் திருப்புவது தெரியும். உன் தோழிகள் கேட்க ஆசைப்பட்டால் நான் அவனிடம் சொல்லி வைக்கிறேன். ஆனால் அவனைக் கேட்காமல் ஃபோனை நீட்டிப் படம் எடுக்கக் கூடாது.

டிசம்பரில் நீங்கள் வரும்போது கம்பளி வெட்டுகிற வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். மெரினோ ஆடும் அங்கோரா வெள்ளாடும்தான் இந்த மாவட்டத்து வங்கிக் கணக்கு, உயர்நிலைப் பள்ளிக் கட்டணம் மொத்தமும் அதிலிருந்துதான். கொட்டகையில் கையாலேயே கத்தரித்து, மேஜையில் விரித்து, வயிற்றுக் கம்பளியைத் தனியாகப் பிரித்து மூட்டை கட்டுவார்கள். முன்பெல்லாம் போர்ட் எலிசபெத் ஏலத்துக்குப் போய்ப் பணம் வந்துவிடும். 2018இல் உள்நாட்டிலேயே விற்க வேண்டும் என்று அரசு விதி போட்டது, மூட்டை போனது, பணம் வரவில்லை. அடுத்த வருஷம் மலையிலிருந்து எல்லாரும் போர்வையைப் போர்த்திக்கொண்டு தலைநகர் மசேருவில் ஊர்வலம் போனார்கள். அந்த வருஷம் என் வகுப்பில் கட்டணம் கட்ட முடியாமல் நின்ற பிள்ளைகளின் முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அப்புறம் விதியைத் தளர்த்தினார்கள்.

போர்வை என்றதும் ஒன்று. டிசம்பர் இங்கே கோடைதானே என்று தோழிகள் வெறும் டி-ஷர்ட்டோடு வந்துவிடப் போகிறார்கள். இங்கே யாரும் போர்வை இல்லாமல் வெளியே போவதில்லை. ஆண்கள் வலது தோளிலும் பெண்கள் மார்புக்கு நடுவிலும் ஊசி குத்திக்கொள்வார்கள், கோடுகள் நெடுக்காக வரும்படிதான் போர்த்த வேண்டும், குறுக்காக வந்தால் பாட்டிகள் வழியிலேயே நிறுத்திச் சரிசெய்வார்கள். சாவு வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் அதுதான். சாவு என்றால் இங்கே பெரும்பாலும் சனிக்கிழமைதான் அடக்கம், வெளியூரில் வேலை செய்பவர்கள் வந்து சேரட்டும் என்று. இதற்காகவே மாதாமாதம் பணம் போடுகிற சங்கம் ஊருக்கு ஊர் உண்டு, நானும் ஒன்றில் இருக்கிறேன். எய்ட்ஸ் நோய் கடுமையாக அடித்த வருஷங்களில் வாரம் தவறாமல் சனிக்கிழமை மண் போட்டுவிட்டு வந்திருக்கிறோம். இப்போது மருந்து எல்லா மருத்துவ நிலையங்களுக்கும் வருகிறது, ஆனால் பாட்டி வளர்க்கிற பிள்ளைகள் வகுப்புக்குப் பல பேர்.

ஒண்ணும் இல்லாத இடம் என்றாயே, ஆள் வாழ வழியில்லாத மலை என்றுதான் ஒரு காலத்தில் இந்த நாட்டு ஜனங்களான பாசோத்தோ மக்களும் நினைத்தார்கள். ஆதியில் சான் மக்கள் வேட்டையாடிய இடம் இது. பாசோத்தோ மக்கள் கோடை மேய்ச்சலுக்கு மட்டும் வந்து போனார்கள். மேற்கே இருந்த நல்ல விளைநிலத்தை 1860களின் போர்களில் டச்சு வம்சத்து வெள்ளைக் குடியேறிகளான போயர்களிடம் இழந்தபிறகு, மொஷ்வேஷ்வே அரசர் 1868இல் பிரிட்டிஷ் பாதுகாப்பைக் கேட்டு வாங்கி மிச்சத்தைக் காப்பாற்றினார். நிலம் சுருங்கச் சுருங்க ஜனங்கள் மேலே மேலே ஏறினார்கள். அப்படி வந்தவர்கள்தான் இந்தச் சரிவில் கோதுமையும் பட்டாணியும் விளைவித்து, மாடுகளை வட்டமாக நடத்திப் போரடித்து, காற்று வரும் மாலையில் தூற்றி எடுக்கிறார்கள்.

சரி, இனி வழி. சானி கணவாய் வேண்டாம், உன் சின்னக் காரை அதில் விட எல்லையிலேயே அனுமதிக்க மாட்டார்கள். பெத்லஹேம், ஃபூரீஸ்பர்க், காலடன்ஸ்பூர்ட் எல்லை, புத்தா-புத்தே, அப்புறம் மலை. பெட்ரோல் புத்தா-புத்தேயிலேயே நிரப்பிவிடு. மஹ்லாசேலா கணவாய் 3,200 மீட்டருக்கு மேலே, தலை வலித்தால் பயப்பட வேண்டாம், தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாக வாருங்கள். மதியத்துக்கு மேல் இடி மழை பிடிக்கும், அதனால் விடியலிலேயே கிளம்பு. வழியில் குச்சியில் கொடி கட்டிய வீடுகள் வரும், வெள்ளைக் கொடி என்றால் நாட்டு பீர், சிவப்பு இறைச்சி, பச்சை காய்கறி. பச்சைக் கொடி எங்கே பார்த்தாலும் நிறுத்திக் கீரை வாங்கி வா. பெரியவர்களைப் பார்த்தால் காரை நிறுத்தி “துமேலா ந்தாத்தே”, “துமேலா ம்மே” (வணக்கம் ஐயா, வணக்கம் அம்மா) என்று சொல்லிவிட்டு அப்புறம் வழி கேள்.

வரும்போது புளியும் சாம்பார் பொடியும் எடுத்து வா. கடைசி வீட்டு ந்தாத்தேவுக்கு நல்ல கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, ஒன்பதாம் நம்பர்.

அன்புடன்,
அம்மா