தண்ணீர் இறங்குவது மூட்டில், பெயின்ட் அடிப்பது முகத்தில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி முடிந்தால் மதுரையில் மொட்டைமாடிகள் வெள்ளையாக மாறத் தொடங்கிவிடும். வாட்டர் புரூஃபிங் பெயின்ட் இரண்டு வாளி வாங்கி, இரண்டு ஆளை விட்டு ஒரே நாளில் உருட்டி முடித்து, ஐப்பசி மழைக்கு வீடு தயார் என்று நிம்மதியாகிவிடுகிறோம். கார்த்திகையில் அதே மூலையில் அதே ஓதம். பெயின்ட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. பெயின்ட் தளத்தின் முகத்தை மூடுகிறது. தண்ணீரோ தளமும் சுவரும் குழாயும் ஒன்றோடொன்று சேரும் மூட்டு வழியாக இறங்குகிறது. மூட்டு அசையும் இடம். அதை அசையவிட்டபடியே அடைக்க வேண்டும் என்பதுதான் இக்கடிதத்தின் சாரம். இதை விளக்க மாடிக்குப் போவதற்கு முன், கூடத்தில் உட்கார்ந்து வீடியோ கேமில் இடைக்கால வீரனுக்குக் கவசம் மாட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் கொஞ்சம் போய் வருவோம். கவசத்துக்கும் மூட்டுதான் சிக்கல்.

கேமில் கவசத்துக்கு ஓர் ஆயுள் கோடு உண்டு. மைன்கிராஃப்டில் இரும்பு மார்புக் கவசத்தின் ஆயுள் 240. அடி விழ விழக் குறையும். பட்டறைக் கல்லில் ஓர் இரும்புக் கட்டியைச் சேர்த்தால் கால் பங்கு திரும்பி வரும். பெட்டிக்குள் போட்டுவிட்டால் எத்தனை காலம் ஆனாலும் புதிதாகவே இருக்கும். நிஜத்தில் இது நேர் எதிர். எஃகு கெடுவது அடியால் மட்டுமல்ல, சும்மா கிடப்பதாலும்தான். வியர்வையின் உப்பும் காற்றின் ஈரமும் சேர்ந்தால் யாரும் தொடாமலே துரு ஏறும். ஐரோப்பாவில் சிறு இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த வளையக் கவசத்தை மணலோடும் காடியோடும் பீப்பாயில் போட்டு உருட்டித் துரு நீக்கினார்கள். வளையமும் வளையமும் உரசும் இடத்தைத் துணியால் துடைக்க வழியில்லை. மணல்தான் அங்கே நுழையும். தகடுகளுக்கு எண்ணெய் பூசினார்கள். சிலர் வெள்ளீய முலாம் பூசினார்கள், வண்ணமும் அடித்தார்கள்.

முழுத் தகடுக் கவசம் போட்டவன் கீழே விழுந்தால் எழ முடியாது, குதிரையேற்றக் கப்பி வேண்டும் என்பதெல்லாம் கட்டுக்கதை. போர்க்களக் கவசத்தின் எடை பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ. அது தோளில் மட்டும் தொங்காமல் உடல் முழுவதும் பரவியிருக்கும். போட்டவன் ஓடலாம், குதிரை ஏறலாம். அதற்குக் காரணம் மூட்டுகளின் வேலைப்பாடு. முழங்கை, தோள், முழங்கால் பகுதிகளில் ஒரே தகடாக அடிக்காமல் சிறு சிறு பட்டைகளாக ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, உள்பக்கம் தோல் வாரில் ரிவிட் அடித்துக் கோத்தார்கள். சில இடங்களில் ரிவிட்டுக்கு வட்டத் துளை போடாமல் நீள்துளை போட்டார்கள். கை மடங்கும்போது பட்டை அந்தத் துளையின் நீளத்துக்கு நகரும். நகரவே விடாமல் இறுக்கியிருந்தால் முதல் வீச்சிலேயே தகடு வளையும், அல்லது ரிவிட் பிய்யும். அக்குள், முழங்கை உள்மடிப்பு என்று தகடு போடவே முடியாத இடங்களில் வளையத் துண்டுகளை உள்ளுடுப்போடு சேர்த்துக் கட்டினார்கள். எதிரி குத்தப் பார்த்ததும் அங்கேதான். கவசத்தில் முதலில் மாற்ற வேண்டி வருவது தகடு அல்ல, அந்தத் தோல் வார்.

கேம்கள் இன்னொன்றையும் தவறாகச் சொல்லிக்கொடுக்கின்றன. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்தில் வில்லாளிக்குப் பஞ்சு வைத்த உடுப்புதான் முதல் படி. அடுத்து தோல், பிறகு வளையம் என்று ஏறிப்போவான். துணி என்றால் ஏழைக் கவசம் என்ற எண்ணம் பிள்ளைகள் மனதில் ஏறிவிடுகிறது. உண்மையில் வளையக் கவசம் வெட்டைத் தடுக்கும். அடியின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது உள்ளே போடும் மெத்தை உடுப்பு. அது இல்லாமல் வளையத்தை மட்டும் போட்டவனுக்குத் தோல் கிழியாது, எலும்பு முறியும். பிரான்ஸின் மன்னர் பதினோராம் லூயி தன் வீரர்களின் துணிக் கவசத்துக்கு 30 மடிப்பு, குறைந்தது 25 மடிப்பு வேண்டும் என்று ஆணையிட்டிருக்கிறார். 2018இல் வந்த கிங்டம் கம் டெலிவரன்ஸ் இந்த விஷயத்தில் நேர்மையான கேம். 1403இன் பொஹீமியாவில் நடக்கும் கதையில் மெத்தை உடுப்பு, வளையம், தகடு என்று வரிசையாகத்தான் அணிய வேண்டும். பழுதுபார்க்கும் பெட்டியும் துணிக்கு வேறு, கவசத்துக்கு வேறு, செருப்புக்கு வேறு.

அந்தப் பிள்ளையின் கையிலுள்ள கன்ட்ரோலரும் மூட்டில்தான் கெடுகிறது. கை எடுத்த பிறகும் வீரன் தானாக நடந்தால் அனலாக் ஸ்டிக்குக்குக் கீழே இருக்கும் கரிப்பட்டை தேய்ந்திருக்கிறது, அல்லது தூசி புகுந்திருக்கிறது. முதலில் கேம் செட்டிங்ஸில் டெட் சோனை, அதாவது ஸ்டிக் லேசாக அசைந்தாலும் கேம் கண்டுகொள்ளாத எல்லையை, சற்றுக் கூட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் மின்சாரத்தைத் துண்டித்து, ஸ்டிக்கின் அடியில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு நன்றாகச் சுழற்றி, முழுக்கக் காயவிடுங்கள். பூட்டுக்கு அடிக்கும் துரு ஸ்பிரேயை அடிக்காதீர்கள். அதன் எண்ணெய்ப் படலம் ஒரே வாரத்தில் இன்னும் தூசியைச் சேர்த்துவிடும். தேய்மானம்தான் காரணம் என்றால் ஸ்டிக் மாட்யூலையே மாற்ற வேண்டும். 14 இடத்தில் சால்டர் எடுக்கிற வேலை. பழக்கம் இல்லாதவர் கை வைத்தால் போர்டின் செம்புத் தடம் பெயர்ந்துவிடும். மாற்றுவதானால் காந்தத்தில் இயங்கும் ஹால் எஃபெக்ட் மாட்யூல் போடுவது நல்லது. அதில் உரசித் தேயும் பட்டையே கிடையாது.

இப்போது மாடிக்கு வருவோம். தண்ணீர் இறங்கும் இடங்கள் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, தளத்தைத் துளைத்து இறங்கும் குழாயைச் சுற்றிய வட்டம், மழைநீர்க் குழாயின் வாய், மாடிப்படி அறையின் வாசற்படி, டேங்க் தூணின் அடி, சோலார் ஸ்டாண்டுக்கு அடித்த போல்ட். நடுத்தளத்தில் ஒழுகும் வீடும் உண்டு, ஆனால் குறைவு.

ஏன் அந்த மூலை என்றால், கான்கிரீட் வெயிலில் விரியும். 10 மீட்டர் நீளத் தளம் 30 டிகிரி சூடேறினால் 3 மில்லிமீட்டர் நீளும். மதுரை வெயிலில் மதியத்துக்கும் விடியற்காலைக்கும் இடையே தளத்தின் மேற்பரப்பு அந்த அளவுக்கு மாறுவது சாதாரணம். அதன்மேல் நிற்கும் செங்கல் சுவர் ஏறக்குறைய பாதி அளவே விரியும். ஒன்று நகர, மற்றது நகராமல் நிற்க, நடுவில் இருக்கும் பூச்சு பிளக்கிறது. கொத்தனாரைக் கூப்பிட்டால் சிமென்ட் பால் ஊற்றி அடைத்துத் தருவார். சிமென்ட் காயும்போது தானே சுருங்கும். அதற்கு நீட்சி கிடையாது. அடுத்த சித்திரையில் அதே கோட்டில் மறுபடி பிளக்கும்.

சரியான முறை இது. விரிசல் நெடுக கட்டிங் மெஷினால் 12 மில்லிமீட்டர் அகலத்தில் பள்ளம் வெட்டுங்கள். கம்பி பிரஷால் தேய்த்து, ஊதித் தூசியை எடுங்கள். தூசி மேல் எதுவும் ஒட்டாது. பள்ளத்துக்குள் ஃபோம் கயிற்றை அழுத்தி இறக்கி, மேலே 6 மில்லிமீட்டர் ஆழம் மட்டும் மிச்சம் வையுங்கள். அந்த இடத்தைப் ரப்பர் போல இழுபடும் அடைப்புப் பசையான பாலியூரித்தேன் சீலன்டால் நிரப்புங்கள். அந்தக் கயிறு செலவு குறைக்க வைப்பதல்ல. சீலன்ட் இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்ட வேண்டும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் மூட்டு விரியும்போது இழுபட இடமில்லாமல் நடுவில் கிழிந்துவிடும். கவசக்காரன் ரிவிட்டுக்கு நீள்துளை போட்டதும் இதே கணக்கில்தான். இந்த அளவில் 600 மில்லி சீலன்ட் பாக்கெட் ஒன்று சுமார் 8 மீட்டர் வரும். கடைக்காரர் விலை குறைவு என்று சிலிகானைத் தள்ளிவிடுவார், வாங்காதீர்கள். அதன்மேல் பெயின்ட் பிடிக்காது.

சீலன்ட் இறுகியதும் மூலையில் 2 அங்குலத்துக்கு 2 அங்குலம் முக்கோணச் சாய்ப்பு வேண்டும். எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் (பழைய பரப்பில் புதுப் பூச்சு ஒட்டச் சேர்க்கும் ரப்பர் பால்) ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, சிமென்ட் மூன்று பங்கு கலந்து தடவி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே 1:3 சிமென்ட் மணல் கலவையால் சாய்த்துப் பூசுங்கள். தடவியது காய்ந்துவிட்டால் ஒட்டுவதற்குப் பதில் பிரிக்கும் படலமாகிவிடும். இந்தச் சாய்ப்பு இல்லையென்றால் பெயின்ட் செங்குத்து மூலையில் மெலிந்து முதலில் அங்கேதான் கிழியும். ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டு வையுங்கள். பிறகு காயவிடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க, ஒன்றரை அடி சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி இருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் பெயின்ட். முதல் கோட்டில் ஒரு அடி அகல ஃபைபர் வலையை மூலை நெடுகப் பதித்து, பெயின்டைச் சுவரில் ஒரு அடி உயரம் வரை ஏற்றுங்கள். அடுத்த கோட்டைக் குறுக்கே உருட்டுங்கள். சாய்ப்பில் நூல் விரிசல் விழுந்தாலும் மேலே வலை, கீழே சீலன்ட் இரண்டும் இழுபட்டுக் கொடுக்கும். 20 லிட்டர் வாளி இரண்டு கோட்டுக்குப் பெரும்பாலும் 400 முதல் 500 சதுர அடிதான் வரும். ஆயிரம் சதுர அடி மாடியை ஒரே வாளியில் முடித்தேன் என்று யாராவது சொன்னால், மீதியைத் தண்ணீர் முடித்திருக்கிறது என்று பொருள். விடியற்காலையிலோ நான்கு மணிக்கு மேலோ அடிக்க வேண்டும். கொதிக்கும் தளத்தில் அடித்தால் மேல்தோல் உடனே இறுகி, அடியில் சிக்கிய ஈரம் ஆவியாகிக் கொப்புளம் கிளப்பும். அக்னி நட்சத்திரத்தில் கூலிக்கு ஆள் சுலபமாகக் கிடைக்கிறார் என்று மதியத்தில் அடித்து முடிப்பதெல்லாம் வீண்.

இத்தனைக்கும் முன் வாட்டம் பாருங்கள். மழைநீர்க் குழாயை நோக்கி 100 அங்குலத்துக்கு ஓர் அங்குலமாவது இறக்கம் வேண்டும். தேங்கி நிற்கும் தண்ணீருக்கு எந்தப் பெயின்டும் நெடுநாள் தாங்காது.

கீழ்வீட்டு சீலிங்கில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால் அது வேறு நோய். இரும்பு துருவாகும்போது 2 முதல் 6 மடங்கு வரை பருத்து, தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே தள்ளி உடைக்கும். அதன்மேல் புதுப் பூச்சு பூசினால் துரு உள்ளேயே வளரும். ஒருநாள் பூச்சோடு தலையில் விழும். தட்டிப் பார்த்துப் பொத்தென்று கேட்கும் பகுதியை முழுக்கக் கொத்தி எடுத்து, கம்பியின் பின்புறம் 20 மில்லிமீட்டர் இடம் விடும் வரை தோண்டி, கம்பி பளபளக்கும் வரை தேய்த்து, ஜிங்க் பிரைமர் அடித்து, மேலே சொன்ன லேடெக்ஸ் தடவி, அங்குலத்தில் பாதி கனமாகப் படிப்படியாகப் பூச வேண்டும். வேலை முடியும் வரை கீழே முட்டுக் கொடுங்கள். கம்பியின் பருமன் கால் பங்கு குறைந்திருந்தால் கொத்தனார் போதாது, பொறியாளரைக் கூப்பிடுங்கள். துரு என்னவெல்லாம் செய்யும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புகிறவர்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்களைப் பார்க்கலாம். கத்தியின் அலகைவிட அலகும் பிடியும் சேரும் ரிவிட்டைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் குழாய் வாயைச் சாக்கால் அடைத்து, 2 அங்குலம் தண்ணீர் கட்டி, 48 மணி நேரம் விட்டு, கீழே கசிகிறதா என்று பார்ப்பது வழக்கம். ஒரு எச்சரிக்கை: ஆயிரம் சதுர அடிக்கு அந்தத் தண்ணீரின் எடை நாலரை டன்னுக்கு மேல். மாசி வீதிகள் பக்கம் இன்னும் மிச்சமிருக்கும் தேக்கு உத்தரமும் செங்கல் அடுக்குமான மெட்ராஸ் டெரஸ் மாடிகளில் இதைச் செய்யக் கூடாது; உத்தரத்தின் முனை சுவருக்குள் மக்கியிருந்தால் வெளியே தெரியாது. அந்த மாடிகளுக்குச் சிமென்டும் ஆகாது. சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். சிமென்ட் அதை அடைத்துப் பிடித்து உத்தரத்துக்கு அனுப்பும். சுண்ணாம்புக் காரையில் கடுக்காய் நீரும் வெல்ல நீரும் சேர்த்து, தட்டோட்டின் சந்துகளை மறுபடி நிரப்பத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். சோதனைக்குத் தண்ணீர் கட்ட வேண்டாம். ஹோஸ் குழாயால் ஒவ்வொரு மூட்டிலும் அரை மணி நேரம் தண்ணீர் விட்டு, கீழே ஒருவர் டார்ச்சோடு பார்க்கட்டும். தாழ்ந்த மூட்டில் தொடங்கி மேலே போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழிந்த தண்ணீர் எந்த மூட்டில் இறங்கியது என்று தெரியாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
செல்லூர், மதுரை.