காவலாளி வழக்கு பற்றி நண்பனுக்கு

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம், மாவில் பூ நன்றாகப் பிடித்திருக்கிறது.

அப்புறம், நீ கேட்ட விஷயம். காவேரிப்பட்டணம் பக்கத்தில் 2002ல் தோப்புக் காவலாளியை அடித்துக் கொன்றார்களே, அதை இந்த வயதில் ஏன் கிளறுகிறாய், யாரென்று தெரிந்தால் ஊரில் சொல்லிவிட வேண்டியதுதானே என்கிறாய். அந்தத் தோப்போர டிரான்ஸ்பார்மருக்கு நான்தான் லைன்மேன். ஃபியூஸ் போட ராத்திரி போனால் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட வைக்காமல் அந்த மனுஷன் அனுப்ப மாட்டார். அவர் மகள் இன்றைக்கும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள்.

பக்கத்துத் தோட்டக்காரர் அப்போது எல்லோரிடமும் சொன்னது உனக்கும் நினைவிருக்கும்: "ராத்திரி பூரா மோட்டார் ஓடிச்சு, ஒரு சத்தமும் காதுல விழல." ஆனால் அந்த வாரம் அந்த லைனுக்கு மும்முனை மின்சாரம் பகல் முறை, என் டைரியில் இருக்கிறது. ராத்திரி இருமுனைதான், விளக்கு எரியும், மோட்டார் ஓடாது. இதை வைத்து அவர்தான் கொன்றார் என்று சொல்ல முடியுமா? முடியாது. கன்டென்சர் போட்டு டூ பேஸிலேயே மோட்டார் ஓட்டுகிறவர்கள் நம் பக்கம் நிறைய, நானே பிடித்துச் சத்தம் போட்டிருக்கிறேன். ஆயில் என்ஜின் வைத்திருந்தவர்களும் உண்டு. சரி, அந்த வருஷ வறட்சியில் ராத்திரி பூரா இறைக்கக் கிணற்றில் தண்ணீர் இருந்ததா? இதையெல்லாம் அவரை உட்கார வைத்துக் கேட்க வேண்டியது போலீஸ். நான் டீக்கடையில் இந்த டைரிக் கதையைச் சொன்னால் சாயந்திரமே அவர் வாசலில் ஆள் நிற்பான், அந்த வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருக்கிறாள். அதனால் இது உன்னோடு இருக்கட்டும்.

எனக்கு ஆத்திரம் வருவது வேறு இடத்தில். கண்டுபிடிக்க முடியவில்லை என்று வழக்கை மூடிவிட்டார்களாம், புகார் கொடுத்த காவலாளியின் சம்சாரத்துக்கு ஒரு தாள்கூட வரவில்லை. போலீஸ் இப்படி முடிக்கக் கேட்டால் புகார்தாரருக்குத் தகவல் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்ட பிறகுதான் மாஜிஸ்திரேட் முடிவெடுக்க வேண்டும் என்று 1985லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. 2004ல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்ததில் வழக்குக் கட்டு பழைய மாவட்டத்திலேயே தங்கிவிட்டது என்கிறது ஓர் ஆபீஸ், எப்போதோ அனுப்பிவிட்டோம் என்கிறது இன்னொன்று. நடுவில் அந்த அம்மா அலைகிறார்.

கொலைக்குக் காலக்கெடு கிடையாது. மேல் விசாரணைக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173(8) பிரிவு இருந்தது, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் 193(9) இருக்கிறது. அம்மா பெயரில் மனு போட மகள் வக்கீல் பார்த்துவிட்டாள். டைரியை அவரிடம் ஒப்படைத்து, கோர்ட்டில் வந்து சொல்கிறேன் என்று எழுதியும் கொடுத்துவிட்டேன்.

நீ கோர்ட்டில் நகல் பிரிவில் இருந்தவன். முடிவறிக்கைக்கு நகல் மனு போட எஃப்.ஐ.ஆர். எண் மட்டும் போதுமா, பழைய பதிவேட்டை எங்கே தேட வேண்டும் என்று விவரமாக எழுது. போனில் சொல்லாதே, அவர்கள் கையில் தாளாகக் கொடுக்க வேண்டும். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.