சனிக்கிழமையும் கதவைத் திறந்து வையுங்கள்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கு,

வணக்கம். நொய்யல் கரை விவசாயி ஒருவன் எழுதுகிறேன். சென்ற சனிக்கிழமை தங்கள் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் வாசலில் நடந்தது தங்கள் காதுக்கு வந்திருக்கும். சனி, ஞாயிறுகளிலும் அதைத் திறந்து வைக்கக் கேட்டு நான் கொடுத்த இரண்டு மனுக்களும் அலுவலகத்தில்தான் இருக்கின்றன.

அன்று என்னோடு வந்தவர் என் அம்மா. வயது 78. இரண்டு பஸ் மாறி, முழங்கால் வலியோடு வந்தார். தங்கள் அருங்காட்சியகத்துக்கு நாங்கள் கொடுத்த, தானியம் அளக்கும் பித்தளை வள்ளத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அது அவருடைய அப்பா, என் அப்பிச்சி, கொடுத்த சீர். வேலை நாளில் மட்டும்தான் திறப்பு, அதற்கும் துறைத்தலைவரின் கடிதம் வேண்டும் என்றார் காவலாளி. அவர் மேல் குற்றமில்லை. அவரே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டார். அம்மா அதில் உட்காராமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். விளிம்பில் நெளிசல் இருக்கிறதே, சிறு வயதில் களத்துமேட்டில் நான் கீழே போட்டதால் வந்தது, அதை வைத்து அடையாளம் கண்டுகொண்டார். கீழே இருந்த அட்டையை நான் படித்துச் சொன்னேன்: 'பழங்கால அளவைப் பாத்திரம்'. "பழங்காலமா? நான் இதில்தானே கூலிக்குக் கம்பு அளந்தேன்" என்றார். திரும்பும் வழியில் அவர் பேசவே இல்லை.

சனி, ஞாயிறுகளில் திறந்து வையுங்கள், கடிதம் கேட்காதீர்கள் என்பதுதான் கோரிக்கை. தோட்ட வேலைக்கும் மில் வேலைக்கும் போகிறவர்கள் புதன்கிழமை பதினொரு மணிக்கு எப்படி வருவார்கள்?

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1683-ல் திறக்கப்பட்டது. 1710-ல் அங்கே போன ஒரு ஜெர்மானியர், சந்தை நாளென்று நாட்டுப்புறத்து ஆண்களும் பெண்களும் உள்ளே திரண்டிருந்ததைக் கண்டு முகம் சுளித்து எழுதிவைத்திருக்கிறார். முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே சந்தைக்கு வந்தவர்கள் உள்ளே போயிருக்கிறார்கள். இங்கே பொருளைக் கொடுத்தவர்களே ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். எங்களைக் கண்டு முகம் சுளிக்கும் வாய்ப்பையாவது உள்ளே வருகிறவர்களுக்குத் தாங்கள் தந்திருக்கலாம்.

ஆண்டுவிழா மேடையில் 'சமுதாயத் தொடர்பு' என்று பெரிய பேனர் கட்டியிருந்தீர்கள். சமுதாயம் வெளியே பந்தல்காரரும் சமையல்காரருமாக நின்றது. வளாகத்தின் நூலகமும் விளையாட்டுத் திடலும் எங்களுக்கு இல்லை. வளாகத்துக்காக மேய்ச்சல் நிலம் கேட்டபோது மட்டும் நாங்கள் உறவினர்களாக இருந்தோம். மன்னிக்க வேண்டும், பேச்சு எங்கோ போகிறது.

1985-ல் தமிழ்ப் பல்கலைக்கழகம் எங்கள் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் தோண்டியபோது, தமிழ் பிராமியில் பெயர் பொறித்த பானை ஓடுகளும் கல்மணிகளும் இரும்பு உருக்கிய உலையின் தடயமும் கிடைத்தன. அந்த மண் எங்களைப் போன்றவர்கள் உழுகிற மண். இன்றும் கொழு முனையில் ஓடு தட்டுப்படுகிறது. அதைத் தங்களிடம் கொண்டுவருவதா, வரப்பில் வீசிவிடுவதா என்பதை அந்த வாசலில் கிடைக்கும் மரியாதைதான் தீர்மானிக்கும்.

ஆகவே, ஐயா, சனி, ஞாயிறுகளில் கதவைத் திறந்து வைக்கப் பணிவோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். தைப்பூசம் முடிந்ததும் அம்மாவை அழைத்து வருகிறேன். அதற்குள் அந்த அட்டையையும் மாற்றிவிடுங்கள். அதன் பெயர் வள்ளம். நான்கு படி கொள்ளும்.

இப்படிக்கு,
நொய்யல் கரை விவசாயி