பொங்கலுக்கு ஜிம்மி வரும்போது

அன்பு மகளுக்கு,

பொங்கலுக்கு உன் நாய் ஜிம்மியையும் கூட்டிட்டு வாரேன்னு சொன்னே. உங்கம்மா அதுக்குன்னு பழைய போர்வையெல்லாம் துவைச்சுக் காயப்போட்டாச்சு. எனக்குத்தான் இங்க வைக்கிற எலி மருந்தை நினைச்சு ஒரு பயம். போன்ல சொன்னா "சரிப்பா, சரிப்பா"ன்னு வச்சிருவே. அதான் உக்காந்து எழுதுதேன், பொறுமையா வாசி.

நீ வார சமயம் பிசான நெல்லுப் பயிர் தூர் கட்டி முடிஞ்சு பொதிக்கு வார பருவம். எலிக்கும் அதுதான் கொண்டாட்டம். உள்ள கதிர் உருவாகுற இளந்தண்டா பாத்து ராத்திரியோட ராத்திரியா அறுத்துப் போட்டிரும். அதனால நம்ம வீரவநல்லூர்ல இருந்து சேரன்மகாதேவி வரைக்கும் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்துல பலபேரு அப்பதான் எலி மருந்து வைப்பாங்க. அவங்களை நான் குத்தம் சொல்ல மாட்டேன். காலையில போய்ப் பாக்கும்போது வயல் நடுவுல வட்டமாப் பயிர் சாஞ்சு கிடந்தா எந்தச் சம்சாரிக்கும் வயிறு எரியும். ஆனா அதே கால்வாய்க் கரையிலதான் நீ ஜிம்மியை நடத்திக் கூட்டிட்டுப் போவே.

ஜிங்க் பாஸ்பைடுன்னு கறுப்பா ஒரு தூள். வெறுமனே வச்சா எலி தொடாது. பொரியோ கருவாடோ 49 பங்கு, தூள் 1 பங்கு, கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிசைஞ்சு பொட்டலமாவோ சிரட்டையிலயோ வைப்பாங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் மருந்தே கலக்காத பொரியை வச்சு எலியோட சந்தேகத்தைத் தீர்ப்பாங்க. எலியை இழுக்கிற எண்ணெயும் கருவாட்டு வாசமும் நாயை மட்டும் சும்மா விடுமா? ஜிம்மி லாப்ரடார் வேற. வடை மடிச்ச பேப்பரையே விடாத ஜாதி. இந்தத் தூள் வயித்துல இருக்கிற அமிலத்தோட சேர்ந்ததும் பாஸ்பீன்னு விஷவாயு ஆகும். பல சமயம் கால் மணி நேரத்துலயே வாந்தி, நடுக்கம், மூச்சுத் திணறல்னு ஆரம்பிச்சிரும்.

அடுத்தது எலி கேக். பச்சையாவோ நீலமாவோ சின்னக் கட்டி. இது வயல்ல மட்டும் இல்ல, கடை ஷட்டர் ஓரம், நெல் குடோன், அரிசி ஆலைச் சுவர், சாக்கடை ஓரம் எல்லாத்துலயும் கிடக்கும். எனக்கு இதை நினைச்சாத்தான் அதிகமாப் பயம், ஏன்னா தின்ன அன்னைக்கு ஒண்ணுமே தெரியாது. ரத்தம் உறையணும்னா வைட்டமின் கே வேணும். உடம்பு அதைப் புதுப்பிச்சுப் புதுப்பிச்சுப் பயன்படுத்தும். அந்தப் புதுப்பிக்கிற வேலையை புரோமடியலோன்ங்கிற இந்த மருந்து நிறுத்திரும். மூணு நாலு நாள் கழிச்சு நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், இருமும், மூக்குல ரத்தம் வரும். சிலதுக்கு உள்ளுக்குள்ளயே ரத்தம் கசிஞ்சுக்கிட்டு இருக்கும், வெளிய தெரியாது.

தெருமுனையில ஒரு வெள்ளை நாய் கிடக்குமே, நீ வந்தா பிஸ்கட் போடுவியே, அது இப்படித்தான் போச்சு. மூக்குல ரத்தத்தோட படுத்திருந்ததைப் பாத்துட்டு எல்லாரும் பாம்பு கடின்னுதான் சொன்னாங்க. டாக்டர் வந்து பாத்துட்டு எலி மருந்துன்னார். அது கேக் தின்னதை யாருமே பாக்கல. ரெண்டு மூணு நாளுக்கு முன்னாடி, பட்டப்பகல்ல மயங்கி மயங்கி ஓடுன ஒரு எலியைக் கவ்விட்டுப் போனதைத்தான் டீக்கடைக்காரர் பாத்திருக்கார். மருந்து தின்ன எலியும் மருந்துதான், இதை நல்லா மனசுல வச்சுக்கோ. ஆந்தையும் இப்படித்தான் சாகுது. ஆந்தை வந்து உக்காந்து எலி பிடிக்கட்டும்னு வயல்ல குச்சி நட்டு வச்சிட்டு, அதே ஆந்தைக்கு விஷத்தைக் கொடுக்கிறது எனக்குப் பொறுக்கல. அதனால நான் வரப்பு மேல எதையும் வைக்கிறதில்ல. எலி புழங்குற வளையாப் பாத்து, உள்ள தள்ளி வச்சு, வாயை மண்ணால மூடிருவேன். செத்த எலி கண்ணுல பட்டா எடுத்து ஆழமாப் புதைச்சிருவேன். மிச்சத்துக்கு எலி பிடிக்கிற கிட்டிப் பொறிதான். பக்கத்து வயல்காரங்ககிட்டயும் சொல்லிக்கிட்டே இருக்கேன், சிலபேரு கேக்காங்க.

நீ செய்ய வேண்டியதைச் சொல்லுதேன். இங்க இருக்கிற வரைக்கும் ஜிம்மியை அவுத்து விடாதே. இழுக்க இழுக்க நீளுற கயிறு வேண்டாம், கைக்கடக்கமாக் கயிறு போதும். இருட்டுல வரப்புப் பக்கம் போகாதே, அது குனிஞ்சு எதை எடுக்குன்னு உனக்குத் தெரியாது. சூடு மிதிக்கையில மாட்டுக்கு வாய்க்கூடு போடுவோமே, நாய்க்கும் கூடை மாதிரி விக்கிது. அதுல மூச்சு வாங்கலாம், தண்ணி குடிக்கலாம். தோல்ல வாயை இறுக்கிக் கட்டுறதை மட்டும் வாங்கிராதே. வந்து மாட்டிவிட்டா உதறும், இப்பவே அங்க வச்சுப் பழக்கு. "விடு"ன்னு சொன்னா வாயில இருக்கிறதைக் கீழ போடவும் பழக்கு. மணிமுத்தாறு, பாபநாசம் போனா மலையடிவாரத் தோட்டங்களுக்குள்ள அதை இறக்கவே கூடாது. காட்டுப்பன்னிக்குன்னு திருட்டுத்தனமா அவுட்டுக்காய், அதான் தீனிக்குள்ள வெடி, வைக்கிறவங்க உண்டு, கடிச்சா வாயே சிதறிரும்.

இவ்வளவுக்கும் மேல தின்னுருச்சுன்னா, தெரிஞ்ச அந்த நிமிசமே வண்டியை எடுக்கணும். உங்கம்மா பாலைத் தூக்கிட்டு வருவா, பக்கத்து வீட்டு ஆச்சி உப்புத்தண்ணி, புளித்தண்ணிம்பா. எதுவும் வேண்டாம். சாப்பாடு உள்ள போனா வயித்துல அமிலம் கூடும், ஜிங்க் பாஸ்பைடுக்கு அதுதான் தோது. உப்பு கூடுனாலே நாய்க்கு ஆபத்து. நடுங்குற நாய் வாயில எதை ஊத்தினாலும் நுரையீரலுக்குப் போயிரும். வாந்தி எடுக்க வைக்கணுமான்னு டாக்டர் முடிவு பண்ணட்டும். வழியில வாந்தி எடுத்தா கார் கண்ணாடியை முழுசா இறக்கிரு, குனிஞ்சு மோந்து பாக்காதே. பூண்டு வாடையோ அழுகுன மீன் வாடையோ அடிச்சா அந்த வாயு நமக்கும் விஷம், இறங்கும்போதே டாக்டர்கிட்ட சொல்லிரு. மிச்சப் பொட்டலம் இருந்தா கவர்ல போட்டு எடுத்துக்கோ, எந்த மருந்துன்னு தெரிஞ்சாத்தான் வைத்தியம். முதல்ல நம்ம ஊர் மாட்டாஸ்பத்திரி. அங்க டாக்டர் இல்லன்னா காத்திருக்காம ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போயிருவோம்.

இன்னொண்ணு. நீங்க காணும் பொங்கல் முடிஞ்சதும் கிளம்பிருவீங்க. கேக் விஷயத்துல, இங்க தின்னது பெங்களூர் போய்த்தான் தெரியும். அதனால உன் டாக்டர்கிட்ட ஊருக்குப் போய்ட்டு வந்த சமாச்சாரத்தைச் சொல்லி வை. சந்தேகம் இருந்தா ரத்தம் உறையுற நேரத்தைச் சோதிக்கச் சொல்லு. சீக்கிரமே கண்டுபிடிச்சு வைட்டமின் கே1 கொடுத்தா பிழைக்க வச்சிரலாம். ஆனா மாத்திரையை வாரக்கணக்குல கொடுக்கணும், நாய் துள்ளுதுன்னு நடுவுல நிறுத்திராதே.

டிக்கெட்டா காரான்னு முடிவானதும் சொல்லு. எந்த வயல்ல எப்ப மருந்து வைக்கப் போறாங்கன்னு நான் கேட்டு வச்சிருதேன். அதைப் பாத்து அந்த வாரம் எந்தப் பக்கம் நடக்கலாம்னு முடிவு பண்ணிக்கலாம். வாய்க்கூடு வாங்குறதுக்கு முன்னாடி மூக்கு நீளத்தையும் சுத்தளவையும் டேப் வச்சு அளந்துக்கோ.

அன்புடன்,
அப்பா